நதியை மலையேற்றும் மின்சாரம்

நர்மதை ஆறு விந்திய மலைத்தொடரின் தென்புறத்தில் ஓடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் மண்டலேஸ்வரம் அருகே அதன் நீர்மட்டம் கடலிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்தின் பெருநகரமாகிய இந்தூரோ, மலைக்கு அப்பால், மாளவ மேட்டுநிலத்தின்மீது 550 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. இடைத்தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இந்தூர்வாசி ஒருவர் காலையில் குழாயைத் திறக்கும்போது, விந்தியத்தைக் கடந்து வந்த நதி அவருடைய பாத்திரத்தில் விழுகிறது. அந்நதியை மலையேற்றுவது மின்சாரம். அதற்காக மாநகராட்சி மாதந்தோறும் செலுத்தும் கட்டணம் 20 கோடி ரூபாய்க்கும் மேல்.

அந்தக் கட்டணத்தை எதிர்கொள்ள இந்தூர் மாநகராட்சி எடுத்துள்ள முயற்சி இந்திய நகராட்சிகள் அனைத்தும் கருதிப் பார்க்கத் தக்கது. அதன் வெற்றியும் குறையும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும். ஒரு நகரத்தின் மின்கணக்கு பெரும்பகுதி அதன் நீர்க்கணக்கே என்பதை இந்தூரைப்போல் வெளிப்படையாகக் காட்டும் ஊர் வேறில்லை.

நர்மதை நீர் இந்தூருக்குத் தானாக வந்ததன்று. இவ்வூரை ஆண்ட ஹோல்கர் மன்னர்கள் காலத்து ஏரிகளும், கம்பீர் ஆற்றின் குறுக்கே 1939இல் அமைந்த யசுவந்த சாகரமும் வளரும் நகரத்துக்குப் போதாமற்போயின. 1970இல் மாணவரும் தொழிலாளரும் வணிகரும் ஒன்றுதிரண்டு, நர்மதையைக் கொண்டுவா என்று கிளர்ச்சி செய்தனர். அரசு இணங்கியது. 1978இல் மண்டலேஸ்வரம் அருகிலுள்ள ஜலூத் நீரேற்று நிலையத்திலிருந்து முதல் நீர் நகரை அடைந்தது. பின்னர் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று திட்டம் விரிந்து, இன்று நாள்தோறும் 40 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் மலையேறுகிறது. மக்கள் போராடிப் பெற்ற நீர் அது. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆற்றைக் கேட்ட தலைமுறை மின்கட்டணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணும் கடமை அடுத்த தலைமுறையின் தோள்மேல் விழுந்தது.

ஆயிரம் லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்துவதற்கு, இழப்பே இல்லாத எந்திரத்துக்கும் கால் அலகுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் வேண்டும். இது இயற்கையின் விதி. எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாதது. 400 மீட்டர் உயர்த்த ஓர் அலகுக்கு மேல் ஆகும். 70 கிலோமீட்டர் குழாயின் உராய்வும், எந்திரத்தில் வீணாகும் ஆற்றலும் சேர்ந்தால் அது இரண்டு அலகை நெருங்கும். ஆக, இந்தூரில் ஒவ்வோர் ஆயிரம் லிட்டர் நீரும் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டே நகருக்குள் நுழைகிறது. நகருக்குள் வந்த பின் மேல்நிலைத் தொட்டிகளுக்கும் அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கும் ஏற ஆகும் செலவு தனி.

2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி துணிவான ஒரு செயலில் இறங்கியது. ஜலூத் நீரேற்று நிலையத்துக்கு மின்சாரம் தருவதற்கென்றே, கர்கோன் மாவட்டத்தின் சம்ராஜ், ஆஷுகேடி ஆகிய சிற்றூர்களில் 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க, 244 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன்பத்திரங்களைப் பொதுமக்களிடம் விற்றது. நகராட்சிகள் கடன்பத்திரம் வெளியிடுவது புதிதன்று. அகமதாபாத் 1998இல் வெளியிட்டது. நம் மதுரை 2001இல் உள்வட்டச் சாலைக்காக வெளியிட்டது. பசுமைக் கடன்பத்திரம் என்ற பெயரில் காசியாபாத் 2021இல் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காகப் பணம் திரட்டியது. ஆயினும் அத்தகைய பத்திரங்கள் பெரும்பாலும் வங்கிகளின், நிதி நிறுவனங்களின் கைகளிலேயே தங்கின. இந்தூர் தன் பத்திரத்தைத் தனிமனிதருக்குத் திறந்துவிட்டது. 10,000 ரூபாய் வைத்திருந்த ஒருவரும் தம் ஊரின் நீரேற்று நிலையத்துக்குக் கடன் கொடுக்க முடிந்தது. முதலில் கேட்ட தொகை 122 கோடி. வந்து குவிந்த விண்ணப்பங்களின் மதிப்பு 720 கோடி.

இந்த எண்ணின் பொருள் ஆழமானது. நகராட்சி என்றாலே வரி கேட்கும் அலுவலகம், குறை சொன்னால் கேளாத அலுவலகம் என்று எண்ணப் பழகிய நாட்டில், ஒரு நகராட்சியின் சொல்லை நம்பி மக்கள் தம் சேமிப்பை ஒப்படைக்க முன்வந்தார்கள். 2017 முதல் தொடர்ந்து நாட்டின் தூய்மைத் தரவரிசையில் முதலிடம் பெற்ற நகரம் என்ற நற்பெயர் அந்த நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. குப்பையை ஒழுங்காக அள்ளும் நகராட்சிக்குக் கடனும் ஒழுங்காகக் கிடைக்கிறது. நிர்வாகத்தின் ஒரு துறையில் ஈட்டிய நேர்மை மற்றொரு துறையில் மூலதனமாகிறது என்பதை மாநகரத் தலைவர்கள் மனத்தில் பதிக்க வேண்டும்.

ஆனால் கடன் கடனே. ஆண்டுக்கு 8.25 விழுக்காடு வட்டி. 244 கோடிக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ 20 கோடி. நாளொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். பத்திரத்தின் அசல் நான்கு சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுகளின் நிறைவில் திருப்பித் தரப்பட வேண்டும். பணம் திரண்ட ஓராண்டில் நிலையம் எழுந்துவிடவில்லை. பணி அதற்கு மேலும் நீண்டது. பொதுப்பணிகளில் தாமதத்தை நாம் வானிலைபோல் ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம். கடன் வாங்கிச் செய்யும் பணியில் அந்தப் பழக்கம் செல்லாது. சூரிய மின்தகடு நிறுவப்படாத ஒவ்வொரு நாளும் மாநகராட்சி இருமுறை செலுத்துகிறது: ஒருமுறை மின்வாரியத்துக்கு, ஒருமுறை பத்திரம் வைத்திருப்பவருக்கு. பசுமைக் கடனை நாடும் எந்த நகராட்சியும் நிலத்தையும் மின்தொடர் இணைப்புக்கான இசைவையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகே மக்களிடம் கை நீட்டுதல் வேண்டும்.

இனி நிலையத்தின் பயனைப் பார்ப்போம். நடு இந்தியாவின் வெயிலில் 60 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி அலகு மின்சாரம் தரும். நாட்சராசரி 2.7 இலட்சம் அலகு. 40 கோடி லிட்டர் நீரை ஆயிரம் லிட்டருக்கு இரண்டு அலகு வீதம் மலையேற்ற நாளொன்றுக்கு 8 இலட்சம் அலகு வேண்டும். ஆகவே இத்தனை கடனும் உழைப்பும் ஈடுசெய்வது தேவையில் மூன்றில் ஒரு பங்கையே. இதைச் சிறிதென்று தள்ளிவிட மாட்டோம். பயன்படும் இடத்துக்கு அருகிலேயே மின்சாரம் பிறக்கிறது. நெடுந்தொலைவு கடத்தும் இழப்பு இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எரிபொருள் விலையேற்றம் அதைத் தீண்டாது. இவை மெய்யான நன்மைகள்.

அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்தால் உறக்கம் கலையும். இந்திய நகரங்கள் பலவற்றில், வழங்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு கசிவிலும் களவிலும் அளவைக் குறைபாட்டிலும் கணக்கில் வராமற் போகிறது. அதே விகிதத்தில் 40 கோடி லிட்டரில் 13 கோடி லிட்டர் கணக்கில் வராமற் போவதாகவும், அது முழுதும் நிலத்துக்குள் ஒழுகுவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த நீரை மலையேற்றியதற்கு ஆன மின்சாரம் 2.6 இலட்சம் அலகு. கடன் வாங்கி, நிலம் தேடி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கட்டும் சூரிய மின்நிலையத்தின் ஏறத்தாழ முழு விளைவும் ஒழுகும் குழாய்களுக்கே இரையாகிவிடும். அப்படியானால் அந்நிலையத்தில் பிறக்கும் ஒவ்வோர் அலகும் ஒரு வீட்டுக்கும் நீர் தராமல், மண்ணுக்குள் வழிவதற்காகவே ஒரு நதியை மலையேற்றிக்கொண்டிருக்கும்.

கசிவைச் சரிசெய்வதில் விழா இல்லை. திறப்புக் கல்வெட்டு இல்லை. படம் எடுக்க ஏற்ற காட்சி இல்லை. தெருவைத் தோண்டி, பழைய வார்ப்பிரும்புக் குழாயின் மூட்டைக் கண்டுபிடித்து, மாற்றி, மூடிவிட்டுப் போகும் பணி அது. மக்கள் அந்தத் தோண்டலைச் சபிக்கவும் செய்வார்கள். எனினும் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மிகுதியான மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பணி அதுவே. மேலும், கசியும் குழாய் நீரை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. வழங்கல் நின்று அழுத்தம் குறையும் வேளையில் அதே துளை சுற்றியுள்ள கழிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் நீர் தரும் நம் நகரங்களில் இது உயிருக்கே ஊறு. மின்சிக்கனமும் மக்கள் நலமும் ஒரே குழாயின் இரு முனைகளில் நிற்கின்றன. மாநகராட்சிகள் இவ்விரண்டையும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருப்பது பெரும் பிழை.

இந்தூரில் இந்த எண்ணம் தலைகாட்டாமல் இல்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் மாநகராட்சி நூறு நாள் மின்சிக்கன இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சேதன் சிங் சோலங்கி அதற்குத் துணைநின்றார். சூரிய ஆற்றலால் இயங்கும் பேருந்தையே வீடாகக் கொண்டு, 2030 வரை இல்லம் திரும்புவதில்லை என்ற உறுதியோடு 2020 முதல் நாடு சுற்றிவருபவர் அவர். சூரிய மின்கலத் துறையில் வல்லவராகிய அவரே, மின்னாக்கத்தை மூன்றாம் இடத்தில் வைக்கிறார். வேண்டாத பயன்பாட்டை முதலில் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும். அதன் பிறகு எஞ்சுவதற்கே சூரியனை நாட வேண்டும் என்பது அவர் கொள்கை. கூரைதோறும் தகடு பதித்துவிட்டால் போதும், எப்படியும் செலவழிக்கலாம் என்ற எண்ணத்தைத் தகடு செய்யும் கலை அறிந்தவரே மறுக்கிறார் என்பது கருதத்தக்கது. வீட்டுக்குச் சொல்லும் இந்த வரிசையை நகராட்சி தன் நீரேற்று நிலையத்துக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

தவிர்த்தல் என்ற முதற்படிக்கு இந்தூரின் கைக்கெட்டும் தொலைவிலேயே விடை கிடக்கிறது. சிர்ப்பூர் ஏரியும் யசுவந்த சாகரமும் 2022இல் உலகளாவிய ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. 2025 ஜனவரியில் இந்தூர், உதயப்பூரோடு சேர்ந்து, ராம்சர் அமைப்பின் ஈரநில நகரம் என்ற ஏற்பைப் பெற்றது. பறவைகளுக்காகவும் அழகுக்காகவும் கிடைத்த சிறப்பு என்று இதைக் கருதிவிடலாகாது. மேட்டுநிலத்தின்மீதே நிற்கும் ஏரி நீர் விந்தியத்தை ஏற வேண்டியதில்லை. தூர்வாரிய குளமும் ஊறும் கிணறும் தரும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டரும் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஏரி காப்பதை மின்சிக்கனத் திட்டமென்று எந்த ஆவணமும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

ஆற்றல் தேடலில் இந்தூரின் மற்றொரு பணியையும் குறிப்பிட வேண்டும். தேவ்குராடியா குப்பைக் களத்தில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட எரிவாயு ஆலை, நாள்தோறும் 550 டன் ஈரக் குப்பையை உண்டு 17,000 கிலோ அளவுக்கு எரிவாயு தரும் திறனுடையது. அந்த வாயு நகரப் பேருந்துகளுக்கு எரிபொருளாகிறது; எஞ்சும் சக்கை எருவாகிறது. ஆலையை நடத்தும் நிறுவனத்துக்கு மாநகராட்சி கட்டணம் தருவதில்லை. மாறாக அந்நிறுவனமே ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் மாநகராட்சிக்குத் தருகிறது. இதன் ஆணிவேர் ஆலையில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது. கண்ணாடித் துண்டும் நெகிழியும் கலவாத குப்பையே நொதிக்கும். ஈரத்தையும் உலர்ந்ததையும் வீட்டு வாசலிலேயே பிரித்துத் தரும் ஒழுக்கத்தை இந்தூர்ப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கைக்கொண்டதால்தான் அந்த எந்திரம் இயங்குகிறது. கலந்த குப்பையை வைத்துக்கொண்டு ஆலை கட்டிய நகரங்கள் பலவற்றில் எந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

தெருவிளக்குகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோடிய ஆவி விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் பணி 2015இல் தேசியத் திட்டமாகத் தொடங்கி நாடெங்கும் பரவிவிட்டது; பாதி மின்சாரம் மிஞ்சுகிறது. செய்ய எளிதானது, செய்யப்பட்டது. எளிதானதைச் செய்து முடித்த பெருமிதத்திலேயே நகராட்சிகள் நின்றுவிட்டதுதான் வருத்தம்.

கடினமான பணிகளில் ஒன்று, நேரத்தை மாற்றுவது. சூரியன் பகலில் மட்டும் மின்சாரம் தருகிறது. நீரேற்று நிலையமோ இரவும் பகலும் ஓடுகிறது. மின்சாரத்தைச் சேமிக்க மின்கலங்கள் வேண்டும், அவை விலை மிகுந்தவை. நீரைச் சேமிக்கத் தொட்டி போதும். பகல் வெயிலில் கூடுதலாக நீரேற்றி மேட்டிலுள்ள பெருந்தொட்டிகளை நிரப்பிவிட்டு, மாலையில் எந்திரத்தை ஓய்வெடுக்க விட்டால், அந்தத் தொட்டியே சூரிய ஆற்றலின் சேமிப்பாகிறது. 2023 ஜூனில் நடுவண் அரசு திருத்திய மின்நுகர்வோர் விதிகள், பகலின் சூரிய நேரத்தில் கட்டணத்தை 10 முதல் 20 விழுக்காடு குறைக்கவும், உச்ச நேரத்தில் உயர்த்தவும் வகைசெய்கின்றன. ஆகவே கூடுதல் தொட்டியும் திறன்மிக்க எக்கியும் தாமே தம் விலையை மீட்டுத் தரும். இதற்கு வேண்டியது, இன்ன மணிக்கு எந்திரத்தை இயக்கு, இன்ன மணிக்கு நிறுத்து என்று கட்டணப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யும் அதிகாரம் பெற்ற ஒரு பொறியாளர். நம் நீரேற்று நிலையங்களில் அத்தகையவர் எத்தனை பேர்?

இந்தூருக்கு மலை தடையென்றால் சென்னைக்கு உப்பு தடை. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்ததை எவரும் மறக்கவில்லை. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுடைய கடல்நீர் ஆலைகள் வந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. யாவும் முழு அளவில் இயங்கும் நாளில் கடலிலிருந்து 75 கோடி லிட்டர் குடிநீர் பெறும் திறன் சென்னைக்கு வரும். சவ்வூடு அழுத்தி உப்பை நீக்க, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். இந்தூர் ஒரு நதியை மலையேற்ற ஆவதைவிட இது மிகுதி. 75 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 22.5 முதல் 30 இலட்சம் அலகு. மழை பொய்க்கும் ஊருக்குக் கடல்நீர் ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வரும், எந்தக் கரியை எரித்து வரும் என்ற கேள்வி ஆலைக்குக் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கும் பெறவில்லையே என்பதுதான் நம் கவலை.

தமிழ்நாட்டுக்கு இதில் வழி தெரியாமல் இல்லை. கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களில் கசடிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு அந்நிலையங்களுக்கான மின்சாரத்தை ஆக்கும் கலை நீண்ட காலமாக நடைமுறையில் உள்ளது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்னும் சிற்றூராட்சி, வங்கிக் கடன் வாங்கி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது; தன் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. இந்தூர் கடன்பத்திரம் விற்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே ஒரு தமிழ்ச் சிற்றூர் அதே துணிவைக் காட்டியிருக்கிறது. ஊராட்சியால் இயன்றது மாநகராட்சிகளுக்கு ஏன் இயலவில்லை? காற்றாலையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தின் பெருநகரங்கள் தம் நீரேற்றத்துக்கென ஒரு காற்றாலைப் பண்ணையைக்கூட உரிமையாகக் கொள்ளாதிருப்பது ஏன்?

வைகாசி தொடங்கி ஆவணி வரை ஆரல்வாய்மொழியிலும் பல்லடத்திலும் காற்று பொங்கும். அதே மாதங்களில்தான் சென்னையின் ஏரிகள் இறங்கிக் கடல்நீர் ஆலைகள் மிகுதியாக உழைக்க வேண்டியிருக்கிறது. இயற்கையே இவ்விரண்டையும் பொருத்தி வைத்திருக்கிறது. பேரூர் ஆலையோடு காற்று மின்சாரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்குமான நெடுங்கால ஒப்பந்தத்தையும் சேர்த்தே திட்டமிடுவது அரசின் பொறுப்பு.

அதற்கு முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குக் கடனும் வேண்டாம், நிலமும் வேண்டாம். ஒவ்வொரு நீரேற்று நிலையமும் ஒவ்வொரு கடல்நீர் ஆலையும் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை அலகு செலவழிக்கிறது, அதில் எத்தனை லிட்டர் வீடுகளை அடைகிறது என்ற இரு எண்களையும் சென்னைக் குடிநீர் வாரியமும் பிற மாநகராட்சிகளும் மாதந்தோறும் வட்டாரவாரியாக வெளியிட வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையை மாமன்றத்தில் படிக்கும்போது வரவும் செலவும் சொல்லி முடித்த மூச்சிலேயே இவ்விரு எண்களையும் படிக்கட்டும். மன்ற உறுப்பினர்கள் தத்தம் வட்டத்தின் எண்ணைக் கேட்டு எழுந்து நிற்கட்டும்.